மருந்துக் கடையில் தடுப்பூசி: யார் கையால், யார் செலவில்?

தடுப்பூசியை மருந்துக் கடைகளிலும் போட அனுமதிக்க வேண்டும் என்று மருந்தாளர்கள் கேட்கிறார்கள். கூடவே கூடாது, அது டாக்டர்மாரின் பொறுப்பு என்று டாக்டர்கள் தரப்பு மறுக்கிறது. இந்த வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பல ஆண்டுகளாக இழுபட்டு வருகிறது. அறிக்கைக்கு மேல் அறிக்கை வருகிறது. ஆனால் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய தொழிலாளியிடம், "உமக்கு எங்கே சௌகரியம், எப்போது சௌகரியம்?" என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் நாம் சொல்லி வைப்போம்.

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மருந்துக் கடையில் ஊசி போடுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதற்கு ஆகும் செலவும், அதற்குத் தேவையான ஆளும் எங்கிருந்து வரும் என்று பேசாமல் கதவை மட்டும் திறந்துவிட்டால், அந்தக் கதவு வழியாகப் பட்டணத்து வசதிக்காரர் உள்ளே போவார். பால் வெட்டுகிறவர் வெளியே நிற்பார். கடைக்குள் வேலை செய்கிறவரோ முதுகொடிந்து நிற்பார். இதில் நமக்குச் சம்மதமில்லை.

பால் வெட்டுத் தொழிலாளியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகிறார். மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுவைக்குக் கொண்டு சேர்க்கும்போது உச்சி வெயில் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு குளித்துச் சாப்பிட்டு பஸ் பிடித்து டவுனுக்குப் போனால் அரசாங்கக் கிளினிக் கதவடைக்கும் நேரம் வந்துவிடும். காலையிலேயே போனால்தான் காரியம் ஆகும். காலையில் போனால் அன்றையக் கூலி போயிற்று. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம் என்று நாடே பெருமைப்படுகிறது. நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்த ஒரு ரிங்கிட்டுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் 65 ரிங்கிட் யார் கணக்கில் எழுதப்படுகிறது?

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நோய் விடுப்புக்கு வழி செய்கிறது. சேவைக் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14 நாள், 18 நாள், 22 நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நல்லது. நோய் வந்து படுத்தால் சம்பளம் உண்டு. நோய் வராமல் தடுத்துக்கொள்ளப் போனால் சம்பளம் இல்லை. இது என்ன நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை. மருந்துக் கடையோ இரவு ஒன்பது மணி, பத்து மணி வரை விளக்கெரியத் திறந்திருக்கிறது. பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது. சம்பளம் இழக்காமல் ஊசி போட்டுக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நாம் வரவேற்பதற்கு முதல் காரணம் இதுவே.

குழந்தைகளைப் பொறுத்தமட்டில் நம் நாட்டு ஏற்பாடு நல்ல ஏற்பாடு. 1961 முதல் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி, 1989 முதல் ஹெப்படைட்டிஸ் பி ஊசி, 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2020ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து நிமோகாக்கல் ஊசி. எல்லாம் அரசாங்கச் செலவில் நடக்கிறது. தாதிமார் பள்ளிக்கூடத்துக்கே வந்து போடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைக் கலைத்துக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுக்க நாம் ஒருநாளும் சம்மதியோம். 2016இல் தொண்டை அடைப்பான் மறுபடி தலைகாட்டிப் பிஞ்சுகளைப் பலி கொண்டது. 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. 1992க்குப் பிறகு நாட்டில் அதுவே முதல் முறை. வேலி எங்கே சற்றுத் தளர்ந்தாலும் மாடு புகுந்துவிடும்.

ஆனால் பெரியவர்கள்? 1989க்கு முன்பு பிறந்தவர்கள் குழந்தையில் ஹெப்படைட்டிஸ் பி ஊசி பெறாதவர்கள். 2010க்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்ட நம் தாய்மாரும் தங்கைமாரும் அந்தப் புற்றுநோய் ஊசியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். வெட்டுக் கத்தியோடும் முள்ளோடும் துருக்கம்பியோடும் நாள் முழுதும் பழகுகிறவருக்கு டெட்டனஸ் ஊசியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது போட்டோம் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. நம் இனத்தாரிடையே அது மற்றவர்களைவிட அதிகம் என்பதை இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. நீரிழிவுக்காரருக்கு இன்ஃபுளுயன்சா சளிக்காய்ச்சல் வந்தால் அது சாதாரணச் சளியோடு நின்றுவிடுவதில்லை. அந்தக் கிருமி ஆண்டுக்காண்டு வேஷம் மாற்றுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்?

"டாக்டர் அல்லாதவர் ஊசி போடுவதா?" என்று முகம் சுளிக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாமில் அம்மை குத்திக்கொண்டு கப்பலேறியவர்கள். தோட்டங்களில் டாக்டர் என்பவர் காரில் வந்து, ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். அன்றாடம் காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், மலேரியாவுக்குக் கொயினா கொடுத்தவரும், பிள்ளைக்கு ஊசி போட்டவரும் தோட்டத்து டிரெசர்தான். டிரெசர்மார் எல்லாரும் பத்தரைமாற்றுத் தங்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த வியாதிக்கும் ஒரே கலவை மருந்தை ஊற்றிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் டாக்டர் வரும்வரை காத்திருந்தால் நம்மில் பாதிப்பேர் இருந்திருக்க மாட்டோம். இன்றைக்கும் அரசாங்கக் கிளினிக்கில் குழந்தையின் தொடையில் ஊசி ஏற்றுவது தாதியின் கைதான். பல ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற மருந்தாளர் பழகிக்கொண்டால் அவர் கைக்கு மட்டும் என்ன தோஷம்?

வெளிநாடுகளில் இது பழைய சங்கதி. போர்த்துகலில் 2007 முதல் மருந்துக் கடையில் ஊசி உண்டு. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களும் அனுமதித்துவிட்டன. அயர்லாந்தில் 2011இல் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2014இல் பரீட்சார்த்தமாகப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 2015 முதல் தேசிய சுகாதாரச் சேவையின் கணக்கிலேயே சளிக்காய்ச்சல் ஊசி கடையில் போடப்படுகிறது. நம் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸ் 2016இல் சட்டமே இயற்றி, பயிற்சி பெற்ற மருந்தாளர் பெரியவர்களுக்கு ஊசி போட வழி செய்தது.

டாக்டர்மார் எழுப்பும் ஆட்சேபங்களில் ஒன்றை மட்டும் நாம் மதிக்கிறோம். ஊசி போட்டவுடன் சிலருக்கு உடல் ஒவ்வாமல் மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் மிக அபூர்வமாக நேர்வது இது; நேர்ந்தால் நிமிஷக் கணக்கில் அட்ரினலின் ஊசியைத் தொடையில் ஏற்ற வேண்டும். ஆகவே அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; அதைப் போடத் தெரிந்தவர் இருக்க வேண்டும்; ஊசி போட்டுக்கொண்டவர் கால் மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மயங்கி விழுவது இதைவிடச் சாதாரணம். அதற்கு ஒரு நாற்காலியும் படுக்க ஓர் இடமும் வேண்டும். இவை எல்லாம் கற்றுக்கொடுக்கக் கூடியவை, வாங்கி வைக்கக் கூடியவை. மற்ற ஆட்சேபங்களில் பாதி வருமானத்தைப் பற்றியது. நம் நாட்டில் தனியார் டாக்டரே மருந்தும் விற்கிறார். மருந்தாளரோ அந்த வியாபாரம் தமக்கு வர வேண்டும் என்கிறார். இரு பக்கமும் வயிற்றுப்பாட்டைப் பார்ப்பதில் தவறில்லை. நாமும் அதற்காகத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். ஆனால் அதை அப்படியே சொல்லிப் பேசட்டும். "நோயாளியின் நன்மை" என்று போர்வை போர்த்த வேண்டாம்.

இனி உண்மையான கஷ்டங்களுக்கு வருவோம்.

தடுப்பூசி மருந்து அரிசி மூட்டை அல்ல, மூலையில் போட்டு வைக்க. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ் பி போன்றவை ஒருமுறை பனிக்கட்டியாகிவிட்டால் மறுபடி உருகினாலும் பலன் தராது. பார்வைக்கோ குப்பி பழையபடியே இருக்கும். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவு இடுக்கில் தக்காளியோடு சேர்த்து வைக்கிற காரியமல்ல இது. தனிப் பெட்டி வேண்டும், வெப்பமானி வேண்டும், தினம் இருவேளை பார்த்து எழுத வேண்டும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும். கிழக்குக் கரையில் மழைக்காலத்தில் மின்சாரம் போவது புதினமா? கெட்ட மருந்தை ஏற்றிக்கொண்டவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு நடமாடுவார். நோய் வரும் நாளில்தான் தெரியும்.

பெட்டியை வாங்கிவிடலாம். ஆளை எங்கே வாங்குவது? நாம் முக்கியமாகக் கவலைப்படுவது இங்கேதான். டவுனில் இருக்கும் பல கடைகளில் மருந்தாளர் ஒரே ஒருவர். டாக்டர் சீட்டைப் படித்து மருந்தெடுத்துக் கொடுப்பவர் அவர்; சர்க்கரை மருந்தும் இரத்த அழுத்த மருந்தும் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்ப்பவர் அவர்; தொலைபேசிக்குப் பதில் சொல்பவரும் அவர். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை அவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் ஊசி போட உள்ளறைக்குப் போனால் கல்லாவுக்கு முன்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர் முணுமுணுத்தால் அவசரம் பிறக்கும். அவசரத்தில் தவறு பிறக்கும். ஓர் ஊசி என்பது குத்துகிற இரண்டு விநாடி வேலை அல்ல. பழைய நோய் என்ன, ஒவ்வாமை உண்டா, பிள்ளைத்தாய்ச்சியா, போன முறை எப்போது என்று விசாரிக்க வேண்டும், எழுத வேண்டும், பிறகு உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இதைக் கண்ணால் கண்டோம். அங்கே மருந்துக் கடை ஊசி வெற்றி என்று எல்லாரும் புகழ்கிறார்கள். வெற்றிதான். ஆனால் 2023 செப்டம்பரில் கான்சஸ் சிட்டியில் சி.வி.எஸ். கடைகளின் மருந்தாளர்கள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்கள். அடுத்த மாதம் வால்கிரீன்ஸ் கடைகளிலும் அதுவே நடந்தது. மருந்துச் சீட்டுகள் மலைபோல் குவிகின்றன, அதற்கு மேல் தடுப்பூசி வேலை, ஆளோ போதவில்லை, இப்படியே போனால் நோயாளிக்கே ஆபத்து என்பதுதான் அவர்கள் முறையீடு. வெள்ளைச் சட்டை போட்ட படித்த உத்தியோகஸ்தர்கள்; பெரும்பாலோருக்குச் சங்கம்கூடக் கிடையாது. வேலைப்பளு கழுத்தை நெரித்தபோது அவர்களும் நம் வழிக்கே வந்தார்கள். கூடுதல் வேலை கொடுத்துக் கூடுதல் ஆள் கொடுக்காத முதலாளியை நாம் மரத்தடியிலேயே பார்த்திருக்கிறோம்: இருநூறு மரம் கூட்டிக் கொடு, கூலி பழைய கூலி! கடையில் நடந்தாலும் இது அதே கதைதான். ஆகவே ஊசி போடும் நேரத்தில் இன்னொரு மருந்தாளரோ தாதியோ கடையில் இருந்தாக வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். இதைக் கடைக்காரரின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது.

சின்னச் சின்னச் சங்கதிகளும் உண்டு. சோப்பும் ஷாம்பூவும் அடுக்கிய அலமாரிக்கு நடுவே நின்று நம் பெண்கள் தோள்வரை கையைச் சுருட்ட மாட்டார்கள். பாஜு குரோங் அணிந்த மலாய்ச் சகோதரிகளும் மாட்டார்கள். மறைவான ஓர் அறை, குறைந்தது ஒரு திரை வேண்டும். குத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் போட முடியாது. மருத்துவக் கழிவுக்குத் தனிச் சட்டமும் தனிச் செலவும் இருக்கின்றன. கடையில் போட்ட ஊசி அரசாங்கக் கிளினிக்கின் ஏட்டிலும் ஏற வேண்டும். இல்லையேல் இங்கே ஒரு முறை, அங்கே மறுமுறை என்று ஒரே ஊசியை இரண்டு தடவை போட்டுக்கொள்வோரும், போட்டதாக நினைத்து விட்டுவிடுவோரும் இருப்பார்கள். 2021இல் கோவிட் ஊசிக்கு எல்லாவற்றையும் ஒரே பதிவில் ஏற்ற நம் நாட்டுக்கு முடிந்ததல்லவா? தாத்தா பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்து கொடுத்ததும் உண்மை. ஆனாலும் பதிவு இருந்தது.

அந்த 2021ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்க வேண்டும். பிப்ரவரி 24இல் தொடங்கிய அந்த இயக்கம் ஜூலைக் கடைசியில் ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைப் போட்டது. மண்டபங்களில் போட்டார்கள், விளையாட்டரங்குகளில் போட்டார்கள், தனியார் கிளினிக்குகளில் போட்டார்கள், வண்டி எடுத்துக்கொண்டு உட்புறங்களுக்கும் போனார்கள். குடிமகனா, வெளிநாட்டுக்காரனா என்று பாராமல் இலவசமாகப் போட்டார்கள். எப்படி முடிந்தது? மக்களிடம் காசு கேட்கவில்லை. அதுதான் அடிப்படை.

இப்போது காசுப் பேச்சு. மருந்துக் கடை என்பது வியாபாரம். மருந்தை முன்பணம் போட்டு வாங்கி வைக்க வேண்டும். சளிக்காய்ச்சல் ஊசி அந்தப் பருவத்தோடு காலாவதியாகிவிடும், விற்காதது நஷ்டம். பெரிய சங்கிலிக் கடைக்காரர் இந்த நஷ்டத்தைத் தாங்குவார். சிறு டவுனில் ஒற்றைக் கடை வைத்திருப்பவர் தாங்கமாட்டார். அவர் ஒதுங்கிக்கொள்வார், அல்லது விலையை நம் தலையில் ஏற்றுவார். 2025 மே 1 முதல் மருந்து விலையைத் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் விலைப்பட்டியலைப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு அதனால் என்ன பலன்?

இங்கிலாந்தில் கணக்கு வேறு. உரிய வயதினருக்கும் நோயாளிக்கும் கடையில் ஊசி இலவசம். ஒவ்வோர் ஊசிக்கும் மருந்தாளருக்குக் கட்டணத்தை அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. போர்த்துகலில் முதலில் காசு கொடுப்பவருக்குத்தான் ஊசி என்றிருந்தது. 2023இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்க இயக்கத்தின் ஊசியையே கடைகளில் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். நம் நாட்டில் இந்த விவாதம் செய்கிறவர்கள் வெளிநாட்டு உதாரணத்தைக் காட்டும்போது கதவு திறந்த பகுதியை மட்டும் காட்டுகிறார்கள். பணம் கொடுத்த பகுதியைக் காட்டுவதில்லை.

இன்னொன்று. மருந்துக் கடைகள் எங்கே இருக்கின்றன? கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் வீதிக்கு வீதி இருக்கின்றன. தோட்டத்துப் பாதை முனையில் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது அவற்றோடு போய்விட்டன. டிரெசர் போன இடத்துக்கு எவரும் வரவில்லை. ஆகவே அனுமதி கொடுக்கும்போது, டவுன் மருந்தாளர் மாதம் ஒரு மாலை குளிர்ப்பெட்டியோடு தோட்டத்துக்கு வந்து ஆயாக் கொட்டகையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து ஊசி போடவும் வழி வைக்க வேண்டும். தமிழ் பேசத் தெரிந்த மருந்தாளர் வந்தால் இன்னும் நல்லது. ஊசியைப் பற்றிய வதந்திகளில் பாதி, எதிரே இருப்பவரிடம் சொந்த பாஷையில் இரண்டு கேள்வி கேட்க முடிந்தால் கரைந்துவிடும். அன்று கொட்டகையில் நம் பக்கத்தில் உட்காரும் வங்காளதேசத்துக்காரரையும் இந்தோனேசியரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கட்டணம் அதிகம். ஆனால் ஒரே லயத்தில் இருமுகிறவரிடமிருந்து வரும் கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது: பெரியவர்களுக்குத் தேவையான ஊசிகளைக் கடையில் போட்டாலும் அரசாங்கச் செலவில் போட வேண்டும்; ஊசி நேரத்தில் இரண்டாவது ஆள் கட்டாயம்; குளிர்ப்பெட்டிக்குச் சிறு கடைகளுக்கு உதவிப் பணம்; தோட்டத்துக்கு மாதாந்திர வருகை. மனிதவள அமைச்சிடமும் தோட்ட முதலாளிமாரிடமும் கேட்பது ஒன்றே: ஊசி போட்டுக்கொள்ளும் அரை நாளுக்கும், மறுநாள் கை வீங்கிக் காய்ச்சலடித்தால் அந்த நாளுக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது.

கிளைத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் தோட்டத்திலிருந்து மிக அருகிலுள்ள மருந்துக் கடை எத்தனை மைல், அங்கே மருந்தாளர் எத்தனை பேர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, உங்கள் பிரட்டில் 1989க்கு முன்பு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிச் செயலாளர் மூலம் அனுப்புங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அமைச்சின் மேஜையில் வைக்க நமக்கு அந்தத் தாள் வேண்டும்.